வால்வு எங்க இருக்கு, மாப்ளே?

உக்காருங்க மாப்ளே, காபி வருது. தலையெல்லாம் நல்லாக் காஞ்சிருச்சா? நேத்து ராத்திரி உங்க வீட்டு பாத்ரூம்ல குத்தாலச் சீசன் ஆரம்பிச்சிருச்சாமே! ஒரு போன் போட்டிருந்தா நானும் உங்க அத்தையும் எண்ணெய் தேச்சுக்கிட்டு, துண்டும் கையுமா வந்து எறங்கியிருப்போம். தென்காசிக்கு பஸ் ஏறுற செலவாவது மிச்சமாயிருக்கும்.

ஹெல்த் பாசெட் டியூப் பிச்சுக்கிட்டு ஊத்துது, நீங்க ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு "தண்ணி, தண்ணி"ன்னு கத்துனீகளாம். தண்ணியக் கண்டு தண்ணின்னு சொல்றதுக்குத்தான் அந்தக் காலேஜ்ல அம்புட்டு பீஸ் வாங்கினாகளா? எங்க பிள்ளை பாவம், இருட்டுல கைக்கு அகப்பட்ட துணியக் கொண்டாந்து அமுக்கியிருக்கா. லைட்டப் போட்டுப் பாத்தா உங்க கல்யாணப் பட்டு வேட்டி. கடைசியில வாட்ச்மேன் எந்திரிச்சு மொட்டை மாடிக்குப் போயி எதையோ திருகவும் நின்னுச்சாம். அதுக்குள்ள கீழ்வீட்டுக்காரர் குடையோட வந்து உங்க கதவத் தட்டிட்டாரு.

நான் இன்னைக்குக் காலையில பல்லு வெளக்கப் போனப்ப அந்த எடத்தப் பாத்தேன். நீங்க பொத்திக்கிட்டு நின்ன எடத்துக்கு ஒரு சாண் மேல, சுவத்துல பளபளன்னு ஒரு குட்டித் திருகு இருக்கு. ஆங்கிள் காக்குன்னு பேரு. அந்த டியூப்புக்குத் தண்ணி விடுறதே அதுதான். ரெண்டு விரலால திருகியிருந்தா ராத்திரி அம்புட்டுப் பேரும் தூங்கியிருக்கலாம். அது எதுக்கு இருக்குன்னு நெனச்சீக, துண்டு தொங்கப் போடவா?

கோவிச்சுக்கிடாதீக. வீட்டுக்கடன் வட்டி எட்டரையா எட்டே முக்காலான்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவீக. குபேர மூலை எதுன்னு தெரியும், வைஃபை பெட்டி எந்தச் சுவத்துல இருந்தா சிக்னல் நல்லா எடுக்கும்னு தெரியும். தண்ணி எந்த வழியா உள்ள வருது, எங்க கைய வச்சா நிக்கும்னு கேட்டா மட்டும் "அதெல்லாம் அசோசியேஷன் பாத்துக்கிடும் மாமா"ங்கிறீக. ராத்திரி ஒன்றரை மணிக்கு அசோசியேஷன் கொறட்டை விட்டுக்கிட்டுல்ல இருக்கும்?

அதனால முதல்ல இதக் கேளுங்க. எந்தப் பைப் ஒடைஞ்சாலும் ஒடைஞ்ச எடத்தப் பாத்து ஓடாதீக. அதுக்கு முந்துன எடத்தப் பாத்து ஓடுங்க. வாஷ்பேசின் கீழ ரெண்டு ஆங்கிள் காக், ப்ளஷ் டேங்க் பக்கத்துல ஒண்ணு, சிங்க் அடியில ஒண்ணு, வாஷிங் மெஷினுக்கு ஒரு குழா. பக்கத்துல இருக்கிற குட்டிய மூடுங்க. குட்டியே சுவத்தோட பேந்து வந்திருச்சுன்னா மாடிக்கு ஓடுங்க, அங்க கேட் வால்வு இருக்கு.

எந்தப் பக்கம் திருகணும்னு பதட்டத்துல மறந்து போகும். பிள்ளையாரச் சுத்துவீகல்ல, அந்தப் பக்கம் திருகினா மூடும், எதிர்ப்பக்கம் திருகினா தெறக்கும். கோயிலுக்கே போறதில்லைம்பீக. சரி, கடிகாரத்த வச்சுக்கிடுங்க. அதுவும் இப்ப போன்ல வெறும் நம்பராத்தான் ஓடுதோ? சில எடத்துல சக்கரம் இல்லாம நீட்டுக் கைப்பிடி வச்ச பால் வால்வு இருக்கும். கைப்பிடி பைப்போட சேந்து படுத்திருந்தா தெறந்திருக்கு, குறுக்க நின்னா மூடியிருக்கு. அதுக்குக் கால் சுத்துப் போதும். முழுச் சுத்து சுத்தணும்னு மல்லுக்கட்டி ஒடிச்சுப்புடாதீக.

உங்க மொட்டை மாடிக்கும் போயிப் பாத்துட்டுத்தான் வாரேன். டேங்குக்கு அடியில வரிசையா வால்வு இருக்கு, எது யாரு வீட்டுதுன்னு ஒண்ணுலயும் எழுத்து இல்ல. நேத்து வாட்ச்மேன் மூடுனது உங்களுதுதானா, இல்ல எல்லாத்தையும் சேத்து மூடிட்டாரான்னு யாருக்குத் தெரியும்? மூணாவது மாடிக்காரர் காலையில தலையில சோப்போட நின்னு உங்க வம்சத்தையே வாழ்த்தினது என் காதுல விழுந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை ஒவ்வொண்ணா மூடி, எந்த வீட்டுல குழா நிக்குதுன்னு பாத்து, பெயிண்டால நம்பர் போட்டு வைங்க. ஸ்கெட்ச் பேனா வேண்டாம், ஒரு சித்திரை வெயிலுக்குத் தாங்காது.

இன்னொண்ணு. திருகாம விட்ட கேட் வால்வு உங்க உப்புத் தண்ணிக்குச் சுண்ணாம்பு படிஞ்சு இறுகிப் போகும். அவசரத்துக்குத் திருகினா வராது. பெரிய ஸ்பேனரப் போட்டு முறுக்கினா தண்டு ஒடிஞ்சு கையோட வரும், ஒழுகுற பைப் ஒண்ணுக்கு ரெண்டாயிரும். ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்கு சந்தனப் பொட்டு வைக்கிறீகல்ல, அன்னைக்கு அப்படியே மாடி ஏறி வால்வுக்கும் ஒரு பொட்டு வச்சு, ஒருதரம் மூடித் தெறந்துட்டு வாங்க. தைப்பொங்கலுக்கு இன்னொரு தரம். முழுசாத் தெறந்த பெறகு கால் சுத்து திருப்பி வச்சிருங்க, மேல போயி இறுகாம இருக்கும். ஏற்கெனவே இறுகிப் போச்சுன்னா கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம்னு ஆட்டி ஆட்டித்தான் கொண்டாரணும். உங்க மாமியார்கிட்ட பேசுற பொறுமை இருந்தாப் போதும், வந்துரும்.

சரி, வால்வும் மூட மாட்டேங்குது, வாட்ச்மேனும் ஊருக்குப் போயிட்டாரு, சுவத்துல ஓட்டை வழியா ஊத்துதுன்னு வைங்க. அப்ப ஒரு கணக்கு இருக்கு. பத்து மீட்டர் உசரத்துத் தண்ணி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவுக்கு அமுக்கும். உங்க வீட்டுக்கும் டேங்குக்கும் ஏறக்குறைய அம்புட்டு உசரம்தான். அரை இஞ்சுப் பைப்போட வாயி ஒண்ணேகால் சதுர சென்டிமீட்டர். மொத்தமே ஒண்ணேகால் கிலோ எடை, ஒரு கட்டை வெரலுக்கு அடங்குற சமாச்சாரம். நீங்க வெரலால அடைக்காம உள்ளங்கைய விரிச்சு ஆசீர்வாதம் பண்ணினா அது எட்டுத் திக்கும் தெறிக்கத்தான் செய்யும்.

வெரல விட நல்லது ஒரு குச்சி. வேப்பங்குச்சியோ வெளக்குமாத்துக் கட்டையோ, முனைய ஆப்பாச் சீவி, பழைய பருத்தித் துணியச் சுத்தி, ஓட்டையில திருகி எறக்குங்க. நனைஞ்சதும் துணி உப்பிக்கிட்டு நல்லாப் பிடிக்கும். உங்க வீட்டுல வேப்பங்குச்சி இருக்காது, தெரியும். அதனால ஹார்டுவேர் கடையில அரை இஞ்சு டம்மி ப்ளக் ரெண்டும், ஒரு டெஃப்லான் டேப்பும் வாங்கி மேசை டிராயர்ல போட்டு வைங்க. நீங்க வெளிய குடிக்கிற காபி வெலை கூட ஆகாது. ஆங்கிள் காக் பேந்த எடத்துல மரை நல்லா இருந்தா அந்த ப்ளக்கத் திருகிட்டு நிம்மதியாப் படுக்கலாம். டேப்ப, ப்ளக்கு இறுகுற அதே பக்கமாச் சுத்தணும். மாத்திச் சுத்தினா நீங்க முறுக்க முறுக்க அது உருவிக்கிட்டு வரும்.

பைப்புக்கு நடுவுல விரிசல் விட்டா எங்க ஊர்ல சைக்கிள் டியூப்ப வெட்டி, நல்லா இழுத்துப் பிடிச்சு, விரிசலுக்கு ரெண்டு பக்கமும் நாலு வெரல் தள்ளியிருந்தே சுத்திக்கிட்டு வருவோம். உங்ககிட்ட சைக்கிள் இல்ல. ஆனா உடம்பக் கொறைக்கப் போறேன்னு வாங்கி, ஒரு வாரம் இழுத்துட்டு, கதவு ஆணியில மாட்டி வச்சிருக்கீகளே ஒரு ரப்பர் பட்டை, அதுவும் இந்த வேலைக்கு ஆகும். அந்தப் பட்டைக்கும் ஒரு மோட்சம் கிடைக்கட்டும்.

எம்-சீல எடுத்துக்கிட்டு ஓடி வருவீக, அதையும் சொல்லிருதேன். தண்ணி பீச்சிக்கிட்டு இருக்கும்போது அப்பினா அது பைப்புல ஒட்டாது, உங்க கையில ஒட்டும். தண்ணிய நிறுத்தணும், எடத்தத் தொடச்சுக் காய வைக்கணும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். ரெண்டு உருண்டையையும் சம அளவா எடுத்து, ஒரே நெறமாகுற வரைக்கும் பிசையணும். அவசரப்பட்டு, வெள்ளையும் கறுப்புமா வரி வரியாத் தெரியும்போதே அப்பினா அது எந்தக் காலத்துலயும் இறுகாது. நல்லாப் பிசைஞ்சு வச்ச பெறகும் ஒரு மணி நேரம் தண்ணி தெறக்கக் கூடாது. அதுவும் ப்ளம்பர் வர வரைக்கும்தான். பேரன் கல்யாணம் வரைக்கும் தாங்கும்னு நெனச்சுக்கிடாதீக.

வால்வ மூடின ஒடனே ஒழுகல் நிக்கலேன்னு பயப்படவும் வேண்டாம். பைப்புக்குள்ள மிச்சம் கெடக்கிற தண்ணி எறங்கணும்ல? வீட்டுல தாழ்வா இருக்கிற குழாயத் தெறந்து விடுங்க, வெரசா வடிஞ்சிரும். அதுக்குள்ள சுவிட்ச் பக்கமும் கீசர் பக்கமும் ஒரு கண்ணு வைங்க. தண்ணி அங்கிட்டுப் போயிருந்தா, ஈரத் தரையில நின்னுக்கிட்டு சுவிட்சத் தொடாதீக. காஞ்ச எடத்துல நின்னு, காஞ்ச கையால மெயின எறக்குங்க. மெயின் எங்க இருக்குன்னு இப்பக் கேக்க மாட்டேன், ஒரு நாளைக்கு ஒரு அவமானம் போதும்.

அந்த ஹெல்த் பாசெட் சங்கதியையும் முடிச்சிருவோம். பொழங்கி முடிச்சதும் துப்பாக்கிய மட்டும் மாட்டிட்டு வந்திருதீக. ஆங்கிள் காக் தெறந்தே கெடக்கு, டியூப்புக்குள்ள ராத்திரி பகலா அழுத்தம் நிக்குது. ஒரு நாள் தலைமாட்டுல பட்டுன்னு விடுது. வெளியூரு போறப்பவாவது அதை மூடிட்டுப் போங்க. பூட்ட மூணு தரம் இழுத்துப் பாக்குறீகல்ல, அதுல ஒரு இழுப்பக் கொறைச்சுக்கிட்டு அந்த நேரத்துல இதைச் செய்யலாம்.

இனி உங்க சிங்க். அது அடைக்காம என்ன செய்யும்? வடிச்ச கஞ்சி, வடை சுட்ட எண்ணெய், புளிச் சக்கை, தேங்காய் நாரு, டீத்தூள் எல்லாத்தையும் அதுக்குள்ளதான தள்ளுதீக. சூடா ஊத்துன எண்ணெய் உள்ள போயி ஆறி, பைப்போட சுவத்துல ஒட்டும். அதுல கஞ்சி ஒட்டும், அதுல டீத்தூள் ஒட்டும். ஊருல இந்தக் கஞ்சியும் சக்கையும் மாட்டுத் தொட்டிக்குப் போகும். உங்க அபார்ட்மெண்ட்ல மாடு வளக்க விட மாட்டாக, நாய்க்கே மூணு மீட்டிங் போடுதாக. எண்ணெயப் பழைய பேப்பர்ல தொடச்சுக் குப்பையிலயாவது போடுங்க.

அடைச்சுக்கிச்சுன்னா சிங்க் அடியில ஒரு கிண்ணம் திருகி வச்ச கணக்கா பாட்டில் ட்ராப் இருக்கும். கீழ வாளிய வச்சுக் கையாலயே கழட்டலாம். பாதி அடைப்பு அதுலதான் குடியிருக்கும், நேத்து தொலைஞ்ச ஸ்பூனும் கெடைக்கும். வாஷர் விழுந்துராமப் பாத்துக்கிடுங்க. கழட்டினதுக்குப் பெறகு அந்த வாளி அழுக்குத் தண்ணிய எங்க ஊத்துவீக? சிங்க்ல ஊத்துவீக. ட்ராப்தான் கையில இருக்கே, தண்ணி நேரா உங்க காலுக்கு வரும். படிச்சவுக எல்லாரும் இதை ஒரு தரமாவது செஞ்சிருவாக, அதுல ஒரு ராசி.

கட்டை செருகின ரப்பர் கிண்ணத்தால அமுக்கப் போறீகன்னா, ரெண்டு தொட்டிச் சிங்க்ல இன்னொரு தொட்டியோட ஓட்டைய ஈரத்துணியால அடைச்சுக்கிட்டு அமுக்குங்க. இல்லேன்னா இங்க குடுத்த அழுத்தம் அங்கிட்டுப் போயி, உங்க மூஞ்சிக்குச் சாம்பார் அபிஷேகம் ஆயிரும்.

பொடியும் ஆசிட்டும் ஊத்திப் பாக்குற ஆளுக்கு ஒரு சொல்லு. பிளீச்சிங் பவுடர் போட்ட எடத்துல கக்கூஸ் கழுவுற ஆசிட்ட ஊத்தாதீக. ரெண்டும் சேந்தா குளோரின் வாயு கெளம்பும். 1915-ல பெல்ஜியம் போர்க்களத்துல ஜெர்மன்காரன் எதிரி மேல தெறந்து விட்டது அதைத்தான். நீங்க அதை நாலுக்கு ஆறு பாத்ரூம்ல, கதவச் சாத்திக்கிட்டு, கர்ச்சீப்பக் கட்டிக்கிட்டுத் தயாரிக்கிறீக. கண்ணு எரிஞ்சா, நெஞ்சு இறுகினா, வேலையப் போட்டுட்டு வெளிய வந்திருங்க. அடைப்புக்கு ஏற்கெனவே மருந்து ஊத்தியிருந்தா அதையும் மறைக்காம ப்ளம்பர்கிட்ட சொல்லிருங்க. கைய விடுறது அவரு.

கக்கூஸ் அடைப்புல மனுசன் செய்யுற மொத வேலை, இன்னொரு தரம் ப்ளஷ்ஷ அமுக்குறது. போகாத தண்ணிக்கு மேல ஒரு டேங்கு தண்ணி. விளிம்புக்கு வரும்போது கடவுளக் கூப்பிடுவீக, எல்லாச் சாமியும் அந்தப் பக்கம் திரும்பிக்கிடும். ஒரு தரம் அமுக்கிப் போகலேன்னா கைய எடுத்திருங்க, பக்கத்துல இருக்கிற ஆங்கிள் காக்க மூடுங்க. கொஞ்ச நேரம் விட்டா தானா எறங்கும். எறங்கினதும் அரை வாளித் தண்ணிய இடுப்பு உசரத்துலருந்து ஒரே மூச்சாச் சாய்ங்க. கொதிக்கிற தண்ணி மட்டும் வேண்டாம், பீங்கான் விரிஞ்சிரும்.

ப்ளஷ் டேங்குன்னதும் ஞாபகம் வருது. உங்க வீட்டுது ராத்திரி பூராம் மெல்லிசாச் சலசலங்குது, நீங்க ஏசி சத்தம்னு சொல்லுதீக. தொவைக்கிற துணிக்குப் போடுற சொட்டு நீலத்துல பத்துச் சொட்டு எடுத்து ப்ளஷ் டேங்குக்குள்ள விடுங்க. இருபது நிமிஷம் யாரும் அமுக்க வேண்டாம். கிண்ணத்துல நீலம் எறங்கியிருந்தா உள்ள இருக்கிற வாஷர் தேஞ்சு போச்சு. மாத்துறது சின்ன வேலை. 2019 கோடையில ராத்திரி கண்ணு முழிச்சு தண்ணி லாரி பின்னால பிளாஸ்டிக் குடத்தோட நின்னீகளே மாப்ளே, அப்பவும் இது இப்படித்தான் சலசலத்துக்கிட்டு இருந்திருக்கும்.

டேங்கு காலியாகி மறுபடி ரொம்பின பெறகு, ஒரு குழாயில மட்டும் தண்ணி வராம புஸ்ஸுன்னு காத்து வரும். அது பைப்புக்குள்ள காத்து அடைச்சுக்கிட்டது. குழாயத் தெறந்து வச்சு, வாய வச்சு நல்லா ஊதுங்க. காத்து பின்னாடி போயி மேல ஏறிரும், தண்ணி எறங்கும். மானம் போகுதேன்னா கதவச் சாத்திக்கிட்டு ஊதுங்க.

ஒண்ணே ஒண்ணுல எனக்கு நக்கல் வராது. உங்க ஏரியாவுக்கு இன்னும் பாதாளச் சாக்கடை வரல, செப்டிக் டேங்குதான். அது ரொம்பி, எல்லா வீட்டுக் கக்கூஸும் சேந்து அடைச்சா, அசோசியேஷன்ல யாராவது "ஆளு ஒருத்தன எறக்கி விட்டா சீக்கிரம் முடியும்"னு சொல்லுவான். அவன் வாய மூடுங்க. உள்ள ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். மொதல்ல அழுகுன முட்டை வாடை அடிக்கும், அளவு கூடினா மூக்கு மரத்துப் போயி வாடையே தெரியாது. வாடை போச்சுன்னு எறங்குனவன் ரெண்டு மூச்சுல விழுவான், அவனத் தூக்க எறங்குனவனும் விழுவான். ஆள எறக்குறத 2013 சட்டம் தடுத்திருக்கு. சாக்கடைக்குள்ள செத்தவுக குடும்பத்துக்கு 30 லட்சம் குடுக்கணும்னு 2023-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. பேப்பர்ல மாசந்தவறாம இந்தச் சாவு வருது. லாரியக் கூப்பிடுங்க, குழாயப் போட்டு உறிஞ்சட்டும். லாரிக்குக் குடுக்கிற காசு மிச்சம்னு எவனாவது கணக்குப் பாத்தா, என் பேரச் சொல்லித் திட்டுங்க.

காபி ஆறிப் போச்சு பாருங்க, குடிங்க.

ப்ளம்பரக் கூப்பிடும்போது "சார், வீடே மெதக்குது, ஒடனே வாங்க"ன்னு மட்டும் சொன்னா அவரு என்னத்த எடுத்துட்டு வருவாரு, படகா? எந்த எடம், அரை இஞ்சா முக்கால் இஞ்சா, வால்வ மூடினா நிக்குதா நிக்கலையான்னு சொல்லுங்க. பைப் வெளிர் மஞ்சளா இருந்தா சிபிவிசி, வெந்நீருக்கும் போடுறது. வெள்ளையா இருக்கிற பிவிசி பச்சைத் தண்ணிக்கு மட்டும். அதுக்கு இதோட பசை ஆகாது. ரெண்டு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்பினா, தேவையான சாமானோட ஒரே நடையில வந்திருவாரு. நீங்களே கடைக்குப் போறதா இருந்தா ஒடைஞ்ச உருப்படிய கையோட எடுத்துட்டுப் போங்க. "இம்புட்டு பெருசு இருக்கும்"னு கடைக்காரர்கிட்ட வெரலால காட்டி வாங்கிட்டு வந்த சாமான் பொருந்துனதா சரித்திரம் இல்ல.

வந்தவரு வேலை செய்யும்போது சோபாவுல படுத்துக்கிட்டு ரீல்ஸ் பாக்காதீக. பக்கத்துல நின்னு, எதைக் கழட்டுறாரு, எங்க மூடுறாருன்னு பாருங்க. வேலை முடிஞ்சதும் பேசுன காச அன்னைக்கே குடுத்திருங்க. ஐநூறு ரூவாய்க்கு ஐம்பதக் கொறைச்சுட்டு ஜெயிச்சேன்னு வந்து நிக்காதீக. தீபாவளிக்கு மொத நாளு பைப் ஒடைஞ்சா அவரு ஞாபகத்துல அந்த ஐம்பது ரூவாதான் வரும்.

அவரு நம்பரையும் ஒழுங்கா, பேரு போட்டுப் பதிஞ்சு வைங்க. ராத்திரி எங்க பிள்ளை உங்க போன எடுத்துத் தேடினப்ப "ப்ளம்பர்", "ப்ளம்பர் 2", "ப்ளம்பர் புதுசு", "ப்ளம்பர் நல்லவர்", "ப்ளம்பர் எடுக்காதவர்"னு வரிசையா வந்துச்சாம். நல்லவர் போன் சுவிட்ச் ஆஃப். எடுக்காதவர்தான் மொத ரிங்குலயே எடுத்து, "எந்த வீடும்மா?"ன்னு கேட்டாராம்.